இரைச்சலும் மௌனமும்



'பங்க் ராக்' என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவை எவை? சேவற்கொண்டைபோல் நிறுத்திய தலைமுடி, கிழிந்த சட்டை, காதில் குத்திய ஊக்கு, செவியைப் பிளக்கும் இரைச்சல் ஆகியவைதாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவனுக்கு இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் வினவலாம். இருக்கிறது. பிள்ளைகளை வளர்ப்போரும் அவர்களுக்குக் கற்பிப்போரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று அந்த இரைச்சலுக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனை 'தி கிளாஷ்' என்னும் இலண்டன் இசைக்குழுவின் கதை வழியாகச் சொல்ல விழைகிறேன். பங்க் இசையின் முன்னோடிகளுள் ஒன்று அக்குழு.

முதலில், இவர்களை நான் அறிந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றேன். விடுதியில் என் அறைத்தோழர் கிளந்தானிலிருந்து வந்த மலாய் நண்பர். தொழுகை தவறாதவர்; மடிப்புக் கலையாத சட்டை அணிபவர். ஆனால், அவருடைய ஒலிநாடாப் பெட்டியைத் திறந்தாலோ ஒரே ஆர்ப்பாட்டம்! ஒருநாள் என் இளையராஜா, மறுநாள் அவருடைய கிளாஷ் என்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு. தொடக்கத்தில் அவருடைய முறை வரும் நாள்களில் எனக்குத் தலைவலிதான் வந்தது. பிறகு ஓர் இரவு, பாட்டை நிறுத்தி நிறுத்தி அதன் பொருளை அவர் மலாயில் எனக்கு விளக்கினார். அது பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வரும் இளைஞனுக்குச் சமுதாயம் நீட்டுகின்ற உப்புச் சப்பற்ற வேலைகளைப் பற்றிய பாட்டு. இன்னும் சில மாதங்களில் வகுப்பறைக்குள் நுழையவிருந்த என்னை அது சற்றே நிமிர்ந்து உட்கார வைத்தது.

வேலையற்ற நகரத்தில் பிறந்த குழு

1976-ஆம் ஆண்டின் இங்கிலாந்தை எண்ணிப் பாருங்கள். வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. ஒரு காலத்தில் உலகையே ஆண்ட அந்நாடு, பன்னாட்டுப் பண நிதியத்திடம் கடன் கேட்டுக் கைநீட்டி நின்றது. அந்த ஆண்டில்தான் கிளாஷ் குழு தோன்றியது. 4 ஜூலை 1976 அன்று ஷெஃபீல்டு நகரில், 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவினரின் நிகழ்ச்சிக்கு முன்னதாக முதன்முதலில் மேடையேறியது. செய்தித்தாளில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட 'மோதல்' என்னும் சொல்லையே பால் சிமோனன் குழுவிற்குப் பெயராக முன்மொழிந்தார்.

குழுவினர் யார் யார்? மிக் ஜோன்ஸ், அடுக்குமாடி வீடொன்றில் தம் பாட்டியுடன் வாழ்ந்தவர். பால் சிமோனன், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்கள் மிகுந்த பிரிக்ஸ்டன் வட்டாரத்தில் வளர்ந்தவர். குழுவில் சேர்ந்தபோது அவருக்கு இசைக்கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது. பேஸ் கிதாரின் கழுத்துப் பகுதியில் எந்தச் சுரம் எங்கே என்று குறித்து வைத்துக்கொண்டு வாசிக்கக் கற்றார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆயினும் வலக்கைக்காரரைப் போலவே கிதாரைப் பிடித்தார். நுணுக்கமாக மீட்ட வராது. எல்லாக் கம்பிகளையும் ஒருசேர உரசத்தான் வரும். அக்குறையையே 'ஸ்ட்ரம்மர்' என்று பெயராகச் சூடிக்கொண்டார். பின்னர் டாப்பர் ஹெடன் என்னும் கைதேர்ந்த முரசுக் கலைஞர் வந்து இணைந்தார்.

நான் மேலே குறிப்பிட்ட வேலைப் பாட்டு, 1977 ஏப்ரலில் வெளிவந்த முதல் இசைத்தட்டில் இடம்பெற்றது. 'கேரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' என்பது அதன் பெயர். அதில் கற்பனை குறைவு. மிக் ஜோன்ஸ் சமூகநல அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். அஞ்சலில் வெடிகுண்டு வரலாம் என்ற அச்சம் நிலவிய அக்காலத்தில், வரும் கடிதங்களைப் பிரிக்கும் பணி இளையவரான அவருக்கே கொடுக்கப்பட்டது. அந்தச் சினம்தான் பாட்டாயிற்று.

ஒரு வீட்டின் இரு பிள்ளைகள்

ஸ்ட்ரம்மரின் இயற்பெயர் ஜான் மெல்லர். 1952-இல் துருக்கியின் அங்காரா நகரில் பிறந்தார். தந்தையார் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். அவர் பிறந்தது நம் இந்தியாவின் இலக்னோ நகரில். பணியின் பொருட்டுப் பெற்றோர் நாடு நாடாகச் செல்ல, ஜானும் அவருடைய அண்ணன் டேவிட்டும் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளி ஒன்றில் விடப்பட்டனர். அப்போது ஜானுக்கு வயது ஒன்பது. பெற்றோரைக் காண்பது எப்போதோ ஒருமுறை.

தம்பி துடுக்குத்தனம் மிக்கவர். வாய் ஓயாதவர். அண்ணனோ தமக்குள் ஒடுங்கியவர். யாரிடமும் அதிகம் பேசாதவர். குடியேறிகளை வெறுத்த 'நேஷனல் ஃபிரண்ட்' கட்சியின்பால் அவர் மனம் சாய்ந்தது. 1970-ஆம் ஆண்டு, இருபது வயதுகூட நிறையாத நிலையில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எட்டே ஆண்டுகள் கழித்து, அதே கட்சிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் நின்று பாடினார் தம்பி.

ஒரு சாவுக்கு ஒரே காரணம் கற்பிப்பது முறையன்று. அதை நான் செய்யவில்லை. ஆனால், ஆசிரியன் என்ற முறையில் இவ்விரு பிள்ளைகளையும் என் வகுப்பில் அமர்த்திப் பார்க்காமல் இருக்க என்னால் இயலவில்லை. கட்டொழுங்குப் பதிவேட்டில் யார் பெயர் ஏறியிருக்கும்? ஐயமின்றித் தம்பியின் பெயர்தான். 'அமைதியானவன், நன்னடத்தை உடையவன்' என்று தேர்ச்சி அறிக்கையில் யாரைப் பற்றி எழுதியிருப்போம்? அண்ணனைப் பற்றித்தான்.

கேட்கக் கற்றவர்கள்

சினம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. கிளாஷ் குழுவின் வரலாறே அதற்குச் சான்று.

1976 ஆகஸ்டு இறுதியில் இலண்டனின் நாட்டிங் ஹில் திருவிழாவில் கறுப்பின இளைஞர்களுக்கும் காவல் துறைக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. ஸ்ட்ரம்மரும் சிமோனனும் அவ்விடத்தில் இருந்தனர். ஒடுக்கப்பட்டவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள்; வெள்ளை இளைஞர்களாகிய நாம் ஏன் வாய்மூடிக் கிடக்கிறோம் என்னும் கேள்வியோடு 'ஒயிட் ரயட்' என்ற பாட்டு பிறந்தது. இரண்டு நிமிடத்திற்கும் குறைவான பாட்டு. ஆனால், 'வெள்ளையர் கலகம்' என்ற அதன் பெயரை மட்டும் கேட்டவர்களில் சிலர், அதை இனவெறிப் பாட்டு என்றே பொருள் கொண்டனர். உரக்கச் சொன்னால் மட்டும் சொல்லியதாக ஆகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா?

அதன்பின் அவர்கள் செய்தவைதாம் அவர்களை மற்றக் குழுக்களிலிருந்து வேறுபடுத்தின. அண்டை வீட்டாரின் இசையைக் கற்கத் தொடங்கினர். ஜமைக்காவின் ரெகே பாடகர் ஜூனியர் மர்வினின் பாட்டு ஒன்றை முதல் இசைத்தட்டிலேயே தம் பாணியில் பாடினர். 1978-இல் வெளியிட்ட 'ஒயிட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே' என்னும் பாட்டில், கறுப்பின மக்கள் நிறைந்த ரெகே அரங்கிற்குச் சென்று, அங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளையருள் ஒருவராகத் தாம் நின்ற இரவைப் பாடினார் ஸ்ட்ரம்மர். புரட்சி முழக்கத்தை எதிர்பார்த்துச் சென்றவருக்கு அங்குக் கிடைத்தது கேளிக்கை. அந்த ஏமாற்றத்திலிருந்து தம்மையே எள்ளி நகையாடவும், தம்மைச் சுற்றியிருந்த பங்க் குழுக்களின் பகட்டைக் கேள்வி கேட்கவும் அவர் கற்றார். கூச்சல் சிந்தனையாக மாறிய இடம் அதுவே என்பேன்.

அக்காலச் சூழலையும் சொல்ல வேண்டும். 1976-இல் பர்மிங்ஹாம் மேடையில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். இரண்டே ஆண்டுகளுக்கு முன் ஜமைக்காவின் பாப் மார்லி இயற்றிய பாட்டைப் பாடி வெற்றி கண்டவர் அவர்! அப்பேச்சுக்கு எழுந்த எதிர்ப்பிலிருந்து 'ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்னும் இனவெறி எதிர்ப்பு இயக்கம் தோன்றியது. 30 ஏப்ரல் 1978 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து பல்லாயிரம் பேர் நடைப்பயணமாகப் புறப்பட்டுக் கிழக்கு இலண்டனின் விக்டோரியா பூங்காவை அடைந்தனர். கறுப்பின இளைஞர்களின் 'ஸ்டீல் பல்ஸ்' குழுவும் கிளாஷ் குழுவும் அங்கு ஒரே மேடையில் பாடின.

இவர்களைக் குறையற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதே மேடையில் ஸ்ட்ரம்மர், இத்தாலியின் 'சிவப்புப் படைப்பிரிவு' என்னும் வன்முறைக் குழுவின் பெயர் பொறித்த சட்டையை அணிந்திருந்தார். அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை அக்குழு கடத்தி வைத்திருந்த நேரம் அது. மே 9 அன்று அவர் கொல்லப்பட்டார். நல்ல நோக்கத்தோடு மேடையேறிய இளைஞருக்கும் தாம் அணிந்த சொல்லின் எடை தெரியவில்லை. சினத்திற்குப் படிப்பும் வேண்டும்.

ஆறு ரூபாய்ப் பொருளை மூன்று ரூபாய்க்கு

1979 டிசம்பரில் வெளிவந்தது 'லண்டன் காலிங்'. பங்க், ரெகே, ஜாஸ், பழைய ராக் அண்ட் ரோல் என அனைத்தும் கலந்த 19 பாடல்கள். முகப்பில், நியூயார்க் மேடையில் சிமோனன் தம் கிதாரைத் தரையில் ஓங்கி அடிக்கும் படம். படம் தெளிவாக இல்லை என்று அதை எடுத்த பென்னி ஸ்மித்தே தயங்கினார். இன்று ராக் இசை வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற படங்களுள் அதுவும் ஒன்று. உடைந்த அந்தக் கிதாரை 2019-இல் இலண்டன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது.

அதைவிட என்னைக் கவர்ந்தது விலை. இரண்டு தட்டுகள் கொண்ட அத்தொகுப்பு ஒரு தட்டின் விலைக்கே விற்கப்பட வேண்டும் என்று குழுவினர் நிறுவனத்தோடு போராடி வென்றனர். அடுத்த ஆண்டு வந்த 'சாண்டினிஸ்டா!' மூன்று தட்டுகளும் 36 பாடல்களும் கொண்டது. அதை மலிவாகத் தருவதற்காக, பிரிட்டனில் விற்கும் முதல் 2 இலட்சம் படிகளுக்குத் தமக்கு உரிய உரிமத்தொகையை விட்டுக்கொடுத்தனர். ஆறு ரூபாய்ப் பொருளை மூன்று ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்த கதைதான். வேலையில்லாதவர்களைப் பற்றிப் பாடியவர்கள், வேலையில்லாதவனின் சட்டைப்பையையும் மறக்கவில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியனாகிய எனக்கு அத்தொகுப்பில் இன்னொரு மகிழ்ச்சி. மூன்றாண்டுகளுக்கு முன் சினத்தோடு முழங்கிய அந்த 'வேலை வாய்ப்புகள்' பாட்டை, அதில் இரண்டு சிறுவர்கள் பாடுகின்றனர்! விசைப்பலகை வாசித்த மிக்கி கேலகரின் மகன்கள் அவர்கள். மழலை மாறாத குரலில் அவ்வரிகளைக் கேட்கும்போது நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் இயங்குகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு நாம் எந்த வேலையை வைத்திருக்கிறோம் என்ற கேள்வி பெரியவர்கள் பக்கம் திரும்பி விடுகிறது.

1981-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பதினேழு நிகழ்ச்சிகள் நடத்தினர். அப்போதுதான் முளைத்து வந்த ராப் இசையின் முன்னோடி கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரைத் தம் மேடைக்கு அழைத்தனர். கிளாஷின் இரசிகர்களே கூச்சலிட்டுப் பொருள்களை வீசினர். அந்த இரசிகர்களைக் குழுவினர் கடிந்துகொண்டனர். தாம் கேட்கக் கற்றது போதாது, தம்மைக் கேட்பவர்களும் பிறரைக் கேட்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினர்.

முடிவும் தொடர்ச்சியும்

1982-இல் போதைப்பழக்கத்தின் காரணமாக ஹெடன் நீக்கப்பட்டார். 1983-இல் மிக் ஜோன்ஸும் நீக்கப்பட்டார். உலகத்து இசையையெல்லாம் செவிமடுத்தவர்கள், தமக்குள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க மறந்தனர் போலும்! 1986-இல் குழு கலைந்தது. பிரிட்டனில் அவர்களுடைய பாட்டு ஒன்று முதலிடத்தைப் பிடித்தது 1991-இல், அதுவும் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றின் தயவால். காலத்தின் விளையாட்டு இது.

15 நவம்பர் 2002 அன்று, தீயணைப்பு வீரர்களின் போராட்டத்திற்கு நிதி திரட்ட ஸ்ட்ரம்மர் இலண்டனில் பாடியபோது, பார்வையாளராக வந்திருந்த மிக் ஜோன்ஸ் தாமாகவே மேடையேறி உடன் வாசித்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுப் பிரிவுக்குப் பின் நிகழ்ந்த ஒன்றிணைவு. அடுத்த மாதம் 22-ஆம் நாள், பிறவியிலேயே இருந்து எவரும் கண்டறியாத இதயக் குறைபாட்டால் ஸ்ட்ரம்மர் காலமானார். வயது ஐம்பது.

அவர்கள் விட்டுச்சென்றது என்ன? விக்டோரியா பூங்காக் கூட்டத்தில் நின்ற இருபது வயது இளைஞர் பில்லி பிராக். அந்த நாளே தம்மை மாற்றியது என்று கூறும் அவர், பின்னாளில் உழைக்கும் மக்களின் பாடகரானார். 2007-இல் சிறைக் கைதிகளுக்குக் கிதார் வழங்கும் திட்டத்தைத் தொடங்கி, அதற்கு 'ஜெயில் கிட்டார் டோர்ஸ்' என்று கிளாஷ் பாட்டொன்றின் பெயரையே வைத்தார்.

தமிழர்களாகிய நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1982-இல் கிளாஷ் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்னும் பாட்டு, மூடப்பட்ட இரும்பாலைகளின் தொழிலாளர், விரட்டப்படும் குடியேறிகள், வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் ஆகியோரைப் பற்றியது. 2007-இல் அதன் இசைத்துணுக்கை அடித்தளமாக வைத்து 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டைப் படைத்தவர் ஒரு தமிழ்ப்பெண். 'எம்.ஐ.ஏ.' என அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம்! இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரின் கொடுமையால் 1986-இல் ஏதிலியாக மீண்டும் இலண்டன் சென்றவர். குடியேறிகளைக் கள்வராகவே பார்க்கும் கண்ணோட்டத்தை நையாண்டி செய்த அப்பாட்டு, 2008-இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடத்தை எட்டியது. ஒரு வெள்ளைக்கார இளைஞர் குடியேறிகளைப் பற்றிப் பாடிய இசையின் மேல், கால் நூற்றாண்டு கழித்து, குடியேறியவரே ஏறி நின்று தம் குரலில் பேசினார்.

அப்பாட்டு இடம்பெற்ற 'கலா' என்னும் இசைத்தொகுப்பு அவர்தம் தாயின் பெயரைத் தாங்கியது. அதன் சில பாடல்களுக்குச் சென்னையில் உறுமி மேளக் கலைஞர்களை வாசிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்தார். ஆம், நம் உறுமிதான்! தைப்பூசத்தில் காவடிகளுக்கு முன் முழங்கும் அதே உறுமி.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிப் பரிசளிப்பு விழா ஏற்பாட்டுக் கூட்டமொன்றில், முன்னாள் மாணவர்களின் உறுமிக் குழுவை அழைக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. "வேண்டாம் சார், உறுமின்னாலே அடிதடிக் கும்பல்தான்" என்றார் ஒருவர். ஒத்திகைக்கு அழைத்து முதலில் கேட்போம் என்றேன் நான். சனிக்கிழமை மாலை ஐந்து இளைஞர்கள் வந்தனர். குழுவின் தலைவனைப் பார்த்து வியந்து நின்றேன். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தவன். அந்த ஓராண்டில் அவன் வாயிலிருந்து பத்துச் சொற்றொடர்கள் வந்திருந்தால் அதிகம். இப்போது அவன் தாளம் சொல்ல, மற்றவர்கள் வாசித்தார்கள். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலை உரசினால்தான் அந்த உறுமல் வரும், மறுபக்கத்தை அடிக்க வேண்டும் என்று சுற்றி நின்ற சிறுவர்களுக்குப் பொறுமையாகக் காட்டினான். விழாவில் எட்டு நிமிடம் வாசித்தார்கள். மறுப்புச் சொன்னவர் "சத்தம் கொஞ்சம் கூடத்தான்" என்றார். ஆனால், விருந்தின்போது அவனருகே சென்று, எங்கே வேலை செய்கிறாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்பிற்குரிய பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கேட்கும் இசை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. கிளாஷின் பாடல்களில் பாதி இன்றும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால், கதவைத் தட்டி "சத்தத்தைக் குறை" என்று சொல்வதற்கு முன், "இந்தப் பாட்டு என்ன சொல்கிறது, எனக்கும் சொல்லேன்" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களோடு பேச அவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. அவனுடைய சினம் எதைக் கற்க வேண்டும் என்பதும் அந்தப் பேச்சில் தெரிந்துவிடும்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்ததும் நான் வகுப்பின் பெயர்ப்பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வேன். சத்தம் போட்ட மாணவர்களின் பெயர்களைத் தேடுவதில்லை. அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வாரம் என்னிடம் ஒரு சொல்லும் பேசாதவர் யார் யார் என்று பார்த்து, அப்பெயர்களுக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். திங்கட்கிழமை காலையில் முதலில் பேச வேண்டியவர்கள் அவர்கள்தாம்.